சிரித்து வாழ்ந்தவரை எப்படி எழுதுவது?

கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் எழுத்தைப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

என் அம்மாவின் அம்மா ஏழு மாதங்களுக்கு முன் தவறிப்போனாள். வயது 93. (பாட்டியை ‘அவள்’ என்றுதான் எழுத வருகிறது, மன்னிக்கவும்.) ஆறு பிள்ளைகள். தாத்தா போனபோது பாட்டிக்கு 41 வயது, என் கடைசிச் சித்திக்கு ஆறு. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்து ஆறு பேரையும் படிக்கவைத்து ஆளாக்கினாள். இதெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். எனக்கு இப்போது 34 வயது. விவரம் தெரிந்து நான் பார்த்த பாட்டி வேறு.

அந்தப் பாட்டி சரியான சீட்டுப் பைத்தியம். தையல் மிஷினின் தலையை உள்ளே மடக்கி மூடிவிட்டால் மேலே சமமான பலகை. அதுதான் எங்கள் ரம்மி மேஜை. ஜோக்கரைப் புடவை மடிப்பில் ஒளித்துவைப்பாள். பிடிபட்டால், “யாரு வெச்சது இத?” என்று எங்களையே கேட்பாள். சிரித்தால் சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வழியும், போதும் நிறுத்து என்று கையால் சைகை காட்டுவாள். எண்பது வயதுக்கு மேல், பிடிக்காத ஆள் யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடித் தூங்கிவிடுவாள். அவர் படியிறங்கியதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “போயாச்சா?” என்பாள்.

கடைசி ஒன்றரை வருடம் படுக்கை. நினைவும் தப்பிவிட்டது. என்னைப் பார்த்துத் தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். நான் அவளில்லை பாட்டி என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். (அந்தத் தங்கை, எங்கள் சின்னப் பாட்டி, 88 வயதில் நல்லபடியாக இருக்கிறார்.) இப்போது பாட்டியை நினைத்தாலே அந்தக் கட்டிலும் ஒட்டிப்போன கன்னமும்தான் கண்முன் வருகின்றன.

அவள் இறந்த அன்று மாலை பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஜோக்கர் கதையைப் பேசிச் சிரித்துவிட்டோம். தாத்தாவின் தம்பி வந்து, “சாவு வீட்டுல என்ன இளிப்பு?” என்று அதட்டினார். அது இன்னும் உறுத்துகிறது.

முதலாண்டு நினைவுக்கு ஒரு மலர் போடுகிறோம். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பெரிய மாமா ‘தியாகத்தின் திருவுருவம்’ என்று தலைப்பே கொடுத்துவிட்டார். எனக்கோ சிரித்துக்கொண்டே வாழ்ந்த ஒருத்தியைத்தான் தெரியும். அதை எழுதினால் மாமாவுக்கு மனம் நோகும். எழுதாவிட்டால் அது என் பாட்டி இல்லை. அந்தக் கட்டிலை மறந்தால்தான் எழுதவே வரும் போலிருக்கிறது. என்ன செய்வது?

ஒரு வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம்)

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தச் சிரிப்பு. நீங்கள் எல்லோரும் சிரித்தது தப்பே இல்லை. அந்த வீட்டில் அன்று மாலை நடந்தவற்றில் உங்கள் பாட்டிக்கு மிக நெருக்கமானது அதுதான் என்று நினைக்கிறேன்.

1997ல் டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணவனையோ மனைவியையோ இழந்து ஆறு மாதம் ஆனவர்களைப் போனவரைப் பற்றிப் பேசச் சொல்லி, பேசும்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்து பார்த்தார்கள். அழுகைக்கு நடுவே சிலர் சிரித்தார்கள். ஒப்புக்கு உதட்டை விரிப்பது இல்லை, கண்ணோரத்துத் தசையும் சேர்ந்து சுருங்குகிற சிரிப்பு. 19ஆம் நூற்றாண்டில் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அந்தத் தசையைப் பிரித்துக் காட்டியதால் அவர் பெயராலேயே இந்தச் சிரிப்பைக் குறிப்பிடுகிறார்கள். அப்படிச் சிரித்தவர்களிடம் கோபமும் மனவேதனையும் குறைவாக இருந்தன. சுற்றியிருப்பவர்களோடு அவர்களுக்கு இருந்த உறவும் நன்றாக இருந்தது. போனவரிடம் பாசம் இல்லாதவர்தான் சிரிப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

தாத்தாவின் தம்பி மேல் கோபம் வேண்டாம். உங்களுக்குப் போனது பாட்டி. அவருக்குப் போனது, தன்னோடு சேர்ந்து மூப்படைந்த அண்ணி. தன் அண்ணனின் பெயரை உரிமையோடு சொல்லிப் பேச அந்த வீட்டில் அவருக்கு இனி யார் இருக்கிறார்கள்? அதே கூடத்தில் ஆளுக்கொரு இழப்போடு உட்கார்ந்திருக்கிறோம், ஒருவருடையது மற்றவருக்குச் சட்டென்று புரிவதில்லை.

அடுத்தது கட்டில். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்கும் நடக்கிறது. கடைசியாகப் பார்த்தது முன்னால் வந்து நின்றுகொண்டு பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும். உளவியலாளர் எட் டீனரும் அவருடன் பணிபுரிந்த இருவரும் 2001ல் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. கற்பனையான ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு வடிவத்தில், மிக மகிழ்ச்சியாக வாழ்ந்து திடீரென்று இறந்துவிடுகிறாள். இன்னொரு வடிவத்தில், அதே மகிழ்ச்சியான வாழ்க்கை, அதற்குமேல் இன்னும் சில வருடங்கள். அந்த வருடங்களும் கெட்டவை இல்லை, முன்பிருந்த அளவு பிரமாதமாக இல்லை, அவ்வளவுதான். படித்தவர்கள் எதை நல்ல வாழ்க்கை என்றார்கள் தெரியுமா? சீக்கிரம் முடிந்ததைத்தான். கூடுதலாக வாழ்ந்த ஓரளவு நல்ல வருடங்கள் மொத்த வாழ்க்கையின் மதிப்பையே அவர்கள் கண்ணில் குறைத்துவிட்டன.

மனித மனம் கணக்குப் போடுகிற விதம் இது. நீளத்தைப் பார்ப்பதில்லை, முடிவைப் பார்க்கிறது. நீங்கள் உட்கார்ந்து நேராகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 93 வருடத்தில் ஒன்றரை வருடம் என்பது அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. மனம் கேட்காவிட்டாலும், எழுதுகிறவர் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புறநானூற்றின் 243ஆம் பாடல் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு கிழவர் தன் இளமையை நினைத்துப் பாடுவது. மணலில் பாவை செய்து பூச் சூட்டியது, பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது, நீருக்குமேல் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நிற்பவர்கள் மிரளத் துடுமெனக் குதித்தது, ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. பதினான்கு அடிகளில் பெரும்பகுதி இந்தக் கும்மாளம்தான். ஊன்றிய தடியும் உடல் நடுக்கமும் இருமலுக்கு நடுவே வரும் சில சொற்களும் கடைசி மூன்று அடிகளில்தான் வருகின்றன. பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். எதை எடுத்தார்கள்? தொடித்தலை விழுத்தண்டினார் என்று, அந்தத் தடியை. குளத்தின் அடியிலிருந்து மணல் அள்ளி வந்தவர் என்று பெயர் வைத்திருக்கலாம். எனக்கு இது எப்போதும் ஒரு குறையாகவே பட்டிருக்கிறது. உங்கள் பாட்டிக்கு அப்படி நடக்க விடாதீர்கள்.

ஆனால் கட்டிலை மறக்க முயலாதீர்கள், முடியாது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு அது எத்தனை தடவை நினைவுக்கு வருகிறது என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987ல் சோதித்துப் பார்த்தார். தடுக்கத் தடுக்க வந்துகொண்டே இருந்தது. தடையை எடுத்தபின் இன்னும் அதிகமாக வந்தது. கட்டில் வரட்டும். அதன் பக்கத்தில் வேறு படங்களைக் கொண்டுவந்து வையுங்கள். வீட்டில் யாரிடமாவது பாட்டியின் ஐம்பது வயது, அறுபது வயதுப் புகைப்படம் இருக்கும். கல்யாண கோஷ்டிப் படத்தில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரிந்தால்கூடப் போதும். அதைப் பெரிதாக்கி, தினமும் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். அந்தக் கட்டிலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது பெரிய மாமா. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தையல் மிஷின். அதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினை முழுக்க அதில்தான் இருக்கிறது.

மாமாவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு பிள்ளைகளில் மூத்தவர் என்றால் எழுபதைத் தாண்டியிருப்பார், பாட்டிக்கு இருபது வயதில் பிறந்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். நடுவயதைக் கடந்தவர்களிடம் உங்கள் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லுங்கள் என்று கேட்டால், அவர்கள் சொல்வதில் மிகப் பெரும்பங்கு பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவே நடந்ததாக இருக்கும். உளவியலாளர் டேவிட் ரூபினும் மற்ற இருவரும் 1986ல் பல ஆய்வுகளைச் சேர்த்துவைத்து இதைக் காட்டினார்கள். அதற்குப்பின் பல நாடுகளில் திரும்பத் திரும்ப இதையே கண்டிருக்கிறார்கள். முதல் வேலை, முதல் காதல், முதல் சாவு எல்லாம் அந்த இருபது வருடத்துக்குள் வந்துவிடுகின்றன. அந்த வயதில் பார்த்த முகம்தான் மனதில் ஆழமாகப் பதிகிறது.

மாமாவின் பத்து முதல் முப்பது வரை என்றால் பாட்டிக்கு முப்பது முதல் ஐம்பது. அதன் நடுவில் தாத்தா போகிறார். மாமா அப்போது இருபதை ஒட்டிய பையன். அவர் பார்த்த அம்மா, ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவர். உங்கள் பத்து முதல் முப்பது வரை என்றால் பாட்டிக்கு 69 முதல் 89. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், கடன் தீர்ந்துவிட்டது, மிஷினின் தலையை மடக்கி மூடியாகிவிட்டது. மூடிய அந்தப் பலகைமேல் நீங்கள் சீட்டுப் போட்டீர்கள். அதே மிஷின்தான். மாமாவுக்கு அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். உங்களுக்கு அது சத்தம் போட்டதே தெரியாது.

ஆகவே மாமா பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை. இருவரும் வெவ்வேறு வயதில் இருந்த ஒரே பெண்ணைப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கடைசிச் சித்தி பார்த்தது இன்னொரு ஆளாக இருக்கும். அப்பா முகமே சரியாக நினைவில்லாத ஆறு வயதுப் பிள்ளைக்கு அம்மா எப்படித் தெரிந்திருப்பார் என்பதை மாமாவாலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது. இந்த மலரை நீங்கள் தனியாக எழுதவே கூடாது என்பது என் கருத்து. ஒவ்வொருவரும் தான் பார்த்த பாட்டியை எழுதட்டும். நீங்கள் அதைப் பாட்டியின் வயதுப்படி வரிசைப்படுத்துங்கள். படிக்கிறவர் கண்ணெதிரே ஒரு பெண் முப்பதிலிருந்து தொண்ணூறுக்கு நடந்துபோவார்.

ஆனால் அந்தத் தலைப்பை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதை மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வாசகர்கள் அனுப்பிவைக்கும் நினைவு மலர்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். ஆண்களுடையதில் உழைப்பு, நேர்மை, கோபம், நட்பு என்று ஏதாவது நாலு விஷயம் இருக்கும். பெண்களுடையதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தன்னைத் தேய்த்துக்கொண்டார். பெயரை மாற்றி அடுத்த வீட்டு மலரில் அப்படியே போட்டுக்கொள்ளலாம். அன்பில்தான் எழுதுகிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனாலும் அதைப் படித்து முடித்தால் அந்த அம்மாளுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பார், யாரைக் கண்டால் ஆகாது என்று எதுவும் தெரிவதில்லை. நமக்கு அவர் என்ன செய்தார் என்பது மட்டும் தெரிகிறது.

விஞ்ஞானிகள்கூடப் பாட்டிகளை இந்தக் கண்ணால்தான் முதலில் பார்த்தார்கள். பிள்ளைபெறும் வயது கடந்தபின்னும் மனிதப் பெண்கள் ஏன் இவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்பது உயிரியலில் ஒரு பெரிய கேள்வி. தான்சானியாவின் ஹாட்சா மக்களிடையே வயதான பெண்கள் கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் கவனித்த கிறிஸ்டன் ஹாக்ஸும் அவர் குழுவினரும், பாட்டிகளின் இந்த உதவியால்தான் மனித ஆயுள் நீண்டது என்று 1990களில் வாதிட்டார்கள். 2004ல் மிர்க்கா லாஹ்டென்பெரா, விர்ப்பி லும்மா முதலானோர் பின்லாந்து, கனடா நாடுகளின் பழைய குடும்பப் பதிவேடுகளைப் பார்த்து, ஐம்பதுக்குமேல் ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் சராசரியாக இரண்டு பேரப்பிள்ளைகள் கூடுதலாக இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அருமையான ஆய்வுகள். உங்கள் குடும்பம் நிமிர்ந்து நிற்பதற்கும் பாட்டிதான் காரணம், அதையும் எழுத வேண்டும். சரி. ஆனால் ஜோக்கரைப் புடவை மடிப்பில் ஒளித்துவைத்தது யாருக்கு உதவி? யாருக்கும் இல்லை. அது அவருக்காக அவரே செய்துகொண்டது. ஒருவரின் வாழ்க்கையில் அவருக்கே சொந்தமானது இந்த மாதிரி விஷயங்கள்தான், மலரில் முதலில் விடுபட்டுப்போவதும் இவைதான்.

இன்னொன்று. மகிழ்ச்சியாக இருந்தார் என்று எழுதினால் கஷ்டத்தைக் குறைத்துச் சொன்னதாக ஆகிவிடும் என்று மாமா பயப்படலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. 41 வயதில் ஆறு பிள்ளைகளோடு தனியாக நின்ற ஒரு பெண், தோள் குலுங்கச் சிரிக்கிற கிழவியாகத்தான் முடிவார் என்று யாரும் உத்தரவாதம் கொடுத்திருக்க முடியாது. கசந்துபோக அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. கசந்துபோகவில்லை. தைத்து ஆறு பேரைப் படிக்கவைத்ததற்குச் சமமான பெரிய காரியம் இது. மலரில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் கன்னியாஸ்திரிகளை வைத்து 1986ல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய நீண்ட ஆய்வு ஒன்று உண்டு. மூப்பையும் மறதி நோயையும் புரிந்துகொள்ளத் தொடங்கியது. மடத்தில் சேர்ந்த காலத்தில் இந்தப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார்கள், எழுதும்போது சராசரி வயது 22. அந்தத் தாள்கள் மடத்தில் பத்திரமாக இருந்தன. அறுபது வருடம் கழித்து அவற்றில் 180ஐ எடுத்து, எத்தனை இடத்தில் சந்தோஷம், நன்றி, ஆசை, எதிர்பார்ப்பு போன்ற உணர்வுகள் வருகின்றன என்று எண்ணினார்கள். 2001ல் முடிவு வெளிவந்தது. அந்த உணர்வுகள் மிகக் குறைவாக இருந்த கால்பங்கினரின் இறப்பு அபாயம், மிக அதிகமாக இருந்த கால்பங்கினருடையதைப் போல இரண்டரை மடங்கு. எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வசதி. சிரித்தால் ஆயுள் கூடும் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, இரண்டுக்கும் பின்னால் வேறு காரணம் இருக்கலாம். எனக்கு இதில் பிடித்தது வேறு. இருபத்திரண்டு வயதில் ஒருத்தி தன் கையால், தன் வார்த்தையில் எழுதிய ஒரு பக்கம், அறுபது வருடம் கழித்தும் அவள் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ‘பக்தி மிக்கவர், பணிவானவர்’ என்று தலைமைச் சகோதரி எழுதிவைத்த குறிப்பு மட்டும் கிடைத்திருந்தால் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அந்தப் பொய்த்தூக்கமும் எனக்குப் பிடித்தது. லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் பத்து வருடத்துக்கும் மேலாக ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்து 2011ல் எழுதியிருக்கிறார். ஆய்வு தொடங்கும்போது அவர்களுக்கு 18லிருந்து 94 வரை வயது. ஒரு வாரம், தினமும் ஐந்து தடவை, எதிர்பாராத நேரத்தில் பேஜர் ஒலிக்கும், உடனே அந்தக் கணத்தில் மனம் எப்படி இருக்கிறது என்று குறிக்க வேண்டும். ஐந்தைந்து வருட இடைவெளியில் மறுபடியும் இதே வேலை. வயது ஏற ஏற மனநிலை சராசரியாக மேம்பட்டதாகத்தான் தெரிந்தது. அவர் சொல்லும் காரணம்: மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று தெரிந்தவர்கள் யாரோடு, எதில் அதைச் செலவழிப்பது என்று பொறுக்கி எடுக்கிறார்கள். உங்கள் பாட்டி கண்ணை மூடிக்கொண்டது இந்தப் பொறுக்கல்தான். ஒரு கண்ணைத் திறந்து “போயாச்சா?” என்று கேட்டதும்தான். அந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள். வந்துபோனவர் யார் என்று மட்டும் போட வேண்டாம், அவர் பிள்ளைகள் படிப்பார்கள்.

எழுதும் முறை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாசமானவர், பண்பானவர் என்று வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, அப்படி நினைக்கவைத்த ஒரு சம்பவத்தை அங்கே வையுங்கள். சம்பவம் கிடைக்கவில்லை என்றால் அந்த வரியே வேண்டாம். உறவினர்களிடம் கேட்கும்போது, பாட்டி எப்படிப்பட்டவர் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் தெய்வம் என்றுதான் சொல்வார்கள். மிஷின் எந்த ஜன்னல் பக்கம் இருந்தது, தைத்து மிஞ்சிய துண்டுத் துணியை என்ன செய்வார், அப்பா இறந்த வருடம் அம்மா யார் வீட்டுக்குப் போக மறுத்தார், அவர் சீட்டு விளையாடுவதை எப்போது முதல்முறை பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. ராத்திரி பகலாக மிஷினை மிதித்தவர் எப்போது, யாரிடம் ரம்மி கற்றுக்கொண்டார்? அங்கே ஒரு கதை இருக்கிறது.

மாமாவையும் இப்படித்தான் கேட்க வேண்டும். ‘தியாகம்’ என்று அவர் சொன்னால், சரி மாமா, ஒரு நாள் ராத்திரியைச் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கு, என்ன துணி, நீங்கள் எங்கே படுத்திருந்தீர்கள், அவர் என்ன முணுமுணுத்துக்கொண்டிருந்தார்? சொல்லச் சொல்ல அவர் குரல் தழுதழுக்கும், நடுவில் எங்கேயோ சிரிக்கவும் செய்வார். அவர் சொன்னபடியே எழுதி, அவர் பெயரிலேயே போட்டுவிடுங்கள். தலைப்பு விவகாரம் அதற்கப்புறம் தானாக அடங்கிவிடும் என்று நம்புகிறேன்.

கடைசியாக, கட்டில் பற்றிச் சொல்கிறேன் என்று சொன்னது. பிரெஞ்சு உளவியலாளர் தியோதூல் ரிபோ 1881லேயே கவனித்து எழுதிய ஒன்று: நினைவு அழியும்போது அண்மையில் சேர்ந்தவை முதலில் போகின்றன, பழையவை கடைசிவரை தாக்குப்பிடிக்கின்றன. மறதி நோய் வந்தவர்களுடன் இருந்தவர்கள் எல்லோரும் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். இன்று காலை நடந்தது இருக்காது, பத்து வயதில் நடந்தது அப்படியே இருக்கும்.

பாட்டி உங்களைத் தங்கையின் பெயரால் கூப்பிட்டபோது உங்களை மறந்துவிட்டார் என்று நினைத்து மனம் நொந்திருப்பீர்கள். அவர் மனதில் இருந்த வயதில் நீங்கள் பிறக்கவே இல்லை. அம்மாவும் மாமாவும்கூடப் பிறக்கவில்லை. கணவர் இல்லை, மிஷின் இல்லை, ஆறு பிள்ளைகள் இல்லை. தங்கை இருந்தார். பாசமாகப் பக்கத்தில் வந்து உட்காரும் பெண் யார் என்றால், அந்த வயதில் அது தங்கைதான். உங்களை அவர் வைத்த இடம் சின்ன இடம் இல்லை. அது என் தேறுதல் வார்த்தைதான், எந்த ஆய்வும் அவர் மனதுக்குள் போய்ப் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்கள் விவரித்த கூப்பிடலில் எனக்குக் கேட்பது அதுதான்.

இங்கிருந்து ஒரு வேலை பிறக்கிறது. மாமா முப்பது வயதுப் பாட்டியிலிருந்து தொடங்குவார், நீங்கள் எழுபதை ஒட்டித் தொடங்குவீர்கள். அதற்கு முன்னால் இருந்த சிறுமியை யார் எழுதுவது? அந்தச் சிறுமியோடு ஒரே வீட்டில் வளர்ந்து, அவரிடம் அடி வாங்கி, அவர் ரகசியத்தைக் காப்பாற்றி, அவர் பின்னால் சுற்றிய ஒரே ஆள் இன்று 88 வயதில், நல்ல நினைவோடு இருக்கிறார். உங்கள் கடிதத்தில் அவர் ஓர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறார். இந்த ஏழு மாதத்தில் அவரிடம் யாராவது உட்கார்ந்து அக்காவைப் பற்றிக் கேட்டீர்களா? மலர்க் குழுவில் அவர் பெயரே இல்லை என்று நினைக்கிறேன். அக்காவை இழந்தவர் அவர். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பிள்ளைகளிடம்தான் போவார்கள், தங்கையைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மலர் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இந்த வாரமே போய் அவரைப் பாருங்கள். காலையில் போங்கள், வயதானவர்களுக்கு அந்த நேரத்தில்தான் தெம்பு இருக்கும். பேச்சைப் பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டு போனை மேஜைமேல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் உட்காரவைக்க வேண்டாம், மீதியை மறுநாள் கேட்கலாம். தேதி, வருடம் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், அதை அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம், திருத்தினால் பேச்சு நின்றுவிடும். பழைய படம் ஏதாவது கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். பாட்டி கட்டிலில் படுத்துக்கொண்டு உங்களை அவர் பெயரால் கூப்பிட்டதையும் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்காது. அக்கா கடைசியில் தன்னைத்தான் தேடினாள் என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

அழுவார். பக்கத்தில் இருங்கள். அப்புறம் அந்தச் சத்தமில்லாத சிரிப்பு அக்காவுக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள்.

மலர் அச்சானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.